மொத்தம் சைபர், கதவு எண் தேதி, சம்பளம் ஆள் மாறிப்போச்சு: ஷீட்டில் தப்பு எங்கே என்று தேடும் வழி

"சார், ஃபார்முலா கரெக்டாத்தான் போட்டேன், விடைதான் தப்பா வருது." வணிகவியல் மாணவர்களுக்குக் கணினி ஆய்வகத்தில் எக்ஸெல் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் பேச்சு இது. போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஃபார்முலாவில் குறை இருக்காது. அது எடுத்துக் கூட்டுகிற செல்லுக்குள், அதாவது ஷீட்டின் கட்டத்துக்குள், இருக்கும். செல் கண்ணுக்குக் காட்டுவது ஒன்று, உள்ளே வைத்திருப்பது வேறொன்று. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே தீர்த்துவிடுவீர்கள்.

பிளஸ் ஒன்னில் ஓப்பன் ஆபீஸ் கால்க் படித்துவிட்டு, கல்லூரிக்கோ வேலைக்கோ வந்ததும் எக்ஸெலில் உட்காருகிறவர்கள் நம்மிடம் அதிகம். அதனால் கோளாறுகளை இரண்டுக்கும் பொதுவாக எழுதுகிறேன். விசையும் மெனுவும் ஃபார்முலா எழுதும் விதமும் எக்ஸெலில் உள்ளபடி இருக்கும், கால்க்கில் சில வேறாக இருக்கலாம். ஃபார்முலாப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

எந்தக் கோளாறானாலும் கைவைக்கும் முன் இரண்டு வேலை. ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்தேகப்படும் செல்லைக் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா பாரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் நிஜம் அங்கேதான் தெரியும்.

கூட்டினால் சைபர் வருகிறது, அல்லது சில தொகை மட்டும் விட்டுப்போகிறது

நெடுவரிசையை அகலப்படுத்திவிட்டு, எண்கள் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். நீங்கள் அலைன்மென்ட் எதையும் மாற்றாமல் இருந்தால், உண்மையான எண் வலப்பக்கம் ஒட்டும், எழுத்தாகப் பதிவான எண் இடப்பக்கம் ஒட்டும். சம் என்ற ஃபார்முலா எழுத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி வராது.

நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் நாம் ரசீது எழுதும் பழக்கம். "500/-" என்று தட்டினால் அது எழுத்து. "ரூ.500" என்று தட்டினாலும் எழுத்துதான். செல்லில் 500 மட்டும் தட்டுங்கள், ரூபாய்க் குறி வேண்டுமென்றால் ஃபார்மட் செல்ஸில் போய் வையுங்கள். ஏற்கெனவே தட்டியதைச் சரிசெய்ய, கண்ட்ரோல் எச் அழுத்தி "/-" என்பதைத் தேடச் சொல்லி, மாற்று இடத்தை வெறுமையாக விட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். "ரூ." என்பதற்கும் அதே முறை.

குறி எதுவும் இல்லாமலே எண் இடப்பக்கம் நின்றால், வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய ஷீட்டாக இருக்கலாம். எக்ஸெலில் செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியும். மொத்த நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் ஆச்சரியக்குறியைக் கிளிக் செய்து எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். கால்க்கில் கண்ட்ரோல் எஃப்8 அழுத்துங்கள். எண்கள் நீலம், எழுத்துகள் கறுப்பு, ஃபார்முலாக்கள் பச்சை. எந்தச் செல் பொய் சொல்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இப்படி நல்ல வசதி இருப்பது நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை.

கதவு எண் தேதியாகிவிட்டது, கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிட்டது

முகவரிப் பட்டியல் தட்டும்போது கதவு எண் 12/4 என்று போட்டு என்டர் அழுத்துகிறீர்கள். செல்லில் தேதி உட்கார்ந்துவிடுகிறது. உடனே ஃபார்மட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினால் 12/4 திரும்பி வராது, 45000-க்கு மேல் ஏதோ ஓர் எண் வரும். காரணம், எக்ஸெல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று கணக்கிட்டு, அன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது. 2024 ஏப்ரல் 1 அதற்கு 45383. நீங்கள் தட்டியது என்டர் அழுத்திய அந்த நொடியிலேயே போய்விட்டது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நெடுவரிசையை டெக்ஸ்ட் ஃபார்மட்டுக்கு மாற்றுங்கள், பிறகு தட்டுங்கள். ஓரிரண்டு செல்தான் என்றால், முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டினால் போதும். இது புதுமுகங்களுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை. மரபணு ஆராய்ச்சியில் மார்ச்1, செப்ட்2 என்ற வகைப் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

கணக்கு எண்ணில் வருவது இதைவிட மோசம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண் தரும் வங்கிகள் இருக்கின்றன. 1234567890123456 என்று தட்டினால் செல்லில் முதலில் 1.23457இ+15 என்று தெரியும். அகலப்படுத்தி எண் ஃபார்மட் கொடுத்தால் 1234567890123450 வரும். கடைசியில் இருந்த 6 எங்கும் இல்லை. எந்த ஃபார்மட்டாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மூல ஆவணத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டுவது ஒன்றுதான் வழி. சம்பளம் வங்கிக்குப் போகும் ஷீட்டில் இது நடந்தால் ஒருவருடைய மாதச் சம்பளம் அல்லவா நின்றுபோகும்! 044 என்ற எஸ்டிடி எண் 44 ஆவதற்கும், பதிவெண் 007 வெறும் 7 ஆவதற்கும் காரணம், செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சைபரை விட்டுவிடுவதுதான். மருந்து ஒன்றேதான். கூட்டவோ பெருக்கவோ போகாத எண் எதுவானாலும் அதை டெக்ஸ்டாக வையுங்கள்.

தேதிகளில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம்

கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் 25/04/2024 என்று தட்டினால் 25-வது மாதம் இல்லை என்பதால் அது எழுத்தாக இடப்பக்கம் நின்றுவிடும். கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதனால் ஆபத்து இல்லை. 05/04/2024 தான் ஆபத்து. அது மே 4 என்று ஏற்றுக்கொள்ளப்பட்டு, நல்ல பிள்ளையாக வலப்பக்கம் நிற்கும். ஏப்ரல் விற்பனை மே மாதக் கணக்கில் போய்ச் சேரும்.

கன்ட்ரோல் பேனலில் ரீஜனை இங்கிலீஷ் இந்தியா என்று மாற்றிவிட்டு, மூல ஃபைலிலிருந்து திரும்ப எடுப்பது நல்லது. மூலம் இல்லாவிட்டால், வலப்பக்கம் நிற்கும் தேதிகளுக்குப் பக்கத்து நெடுவரிசையில் =டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2)) என்று போடுங்கள். மாதமும் நாளும் இடம் மாறி உண்மையான தேதி வரும். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கடைசிப் படியில் தேதி, டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) என்று கொடுங்கள். இரண்டு வகையையும் கலந்து ஒரே அடியாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

ஓவர்டைம் மணி குறைகிறது, சம்பளம் நூறு ரூபாய் வருகிறது

ஒருவர் ஐந்து நாள், தினம் 5:18 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருக்கிறார். எக்ஸெலில் கூட்டினால் 2:30 காட்டும். நியாயமாக 26:30 வர வேண்டும். நேரத்தை அது கடிகாரமாகப் பார்க்கிறது, 24 தாண்டியதும் மறுபடி சைபரிலிருந்து தொடங்குகிறது. கஸ்டம் ஃபார்மட்டில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்து, [எச்]:எம்எம் என்று கொடுத்தால் 26:30 தெரியும்.

அதோடு முடியவில்லை. மணிக்கு 100 ரூபாய் என்று பெருக்கினால் 2,650 வரவில்லை, 110.42 வருகிறது. முழு நாளைத்தான் எக்ஸெல் ஒன்று என்று வைத்திருக்கிறது. 26:30 மணி என்பது அதற்கு 1.104 நாள். அதனால் 24-ஆலும் பெருக்க வேண்டும். சம்பளப் பட்டியல் பயிற்சியில் இந்தக் கணக்கை நான் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயம் வைப்பேன். நாள்கூலிக்காரர் ஒருவருக்கு 2,540 ரூபாய் குறைத்துக் கொடுக்கும் ஷீட்டை, போடுகிறவரே பிடிக்கப் பழக வேண்டும்.

முதல் வரிசை சரி, கீழே இழுத்தால் எல்லாம் தப்பு

வரி விகிதம் எச்1-ல் இருக்கிறது. சி2-ல் =பி2*எச்1 என்று போட்டு இழுத்தீர்கள். அடுத்த வரிசையில் அது பி3*எச்2 ஆகிவிட்டது, எச்2 காலி, விடை சைபர். ஃபார்முலாவில் எச்1 மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தி $எச்$1 ஆக்குங்கள். பிறகு இழுங்கள்.

மொத்தம் மாறவே மாட்டேன் என்கிறது

எஃப்9 அழுத்துங்கள். மாறினால், கணக்கிடும் முறை மேனுவலில் இருக்கிறது. ஃபார்முலாஸ் மெனுவில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோமேட்டிக் கொடுங்கள். அன்று முதலில் திறந்த ஃபைல் மேனுவலில் இருந்தால், பின்னால் திறக்கும் எல்லா ஃபைலையும் எக்ஸெல் அப்படியே நடத்தும். ஆய்வகக் கணினியில் நேற்று ஒருவர் செய்தது இன்று உங்கள் தலையில் விழுவது இப்படித்தான்.

விடைக்குப் பதில் ஃபார்முலாவே தெரிந்தால், அந்தச் செல் டெக்ஸ்ட் ஃபார்மட்டில் இருக்கிறது. ஜெனரல் ஆக்கி, எஃப்2 அழுத்தி என்டர் கொடுங்கள். சர்க்குலர் என்ற எச்சரிக்கை வந்தாலோ, கால்க்கில் எர்ர்:522 வந்தாலோ, மொத்தம் போடும் செல் தன்னையே கூட்டிக்கொள்கிறது. வெறும் #### என்றால் அகலம் போதவில்லை. அகலப்படுத்தியும் போகாவிட்டால் நேரக் கழித்தலில் மைனஸ் வந்திருக்கும்.

பைசா இடிக்கிறது

5 சதவீத ஜிஎஸ்டியை மத்திய, மாநில வரியாகப் பிரித்தால் தலா 2.5. ஒரு பொருள் 49.50 ரூபாய், அதே விலையில் நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் வரி 1.2375. செல்லில் 1.24 என்று தெரியும். கையால் கூட்டினால் 4.96, ஷீட் 4.95 என்கிறது. உள்ளே இருப்பது 1.2375 என்பதால் ஷீட் அதைத்தான் கூட்டும். டெசிமல் குறைக்கும் பொத்தான் தோற்றத்தை மட்டும் குறைக்கும். =ரவுண்ட்(பி2*2.5%, 2) என்று எழுதினால் மதிப்பே 1.24 ஆகும், பில்லும் கூட்டலும் ஒத்துப்போகும்.

விலுக்கப் #என்/ஏ என்கிறது, பெயரோ கண்ணெதிரில் இருக்கிறது

விலுக்கப் என்பது ஒரு பெயரையோ எண்ணையோ இன்னொரு பட்டியலில் தேடி, அதற்கு எதிரே இருப்பதை எடுத்துவரும் ஃபார்முலா. #என்/ஏ என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டு. எந்த இரண்டு செல் பொருந்தவில்லையோ அவற்றின் நீளத்தை லென் ஃபார்முலாவால் அளந்து பாருங்கள். வேறுபட்டால் பெரும்பாலும் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும், ட்ரிம் போட்டு எடுத்துவிடலாம். இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்த பட்டியலென்றால் ட்ரிம்முக்கும் அடங்காத ஒரு வெற்றிடம் வரும். அதற்கு =சப்ஸ்டிட்யூட்(ஏ2, கேர்(160), "") போடுங்கள். ஒரு பக்கம் எண், மறுபக்கம் எழுத்தாகப் பதிவான எண் என்றாலும் பொருந்தாது. மருந்தை முதல் பகுதியில் சொல்லிவிட்டேன்.

தமிழில் பெயர் தட்டியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கௌரி, கெளரி. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் "கெ"-க்குப் பக்கத்தில் "ள" என்ற தனி எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். லென் முதலாவதற்கு 4 என்றும் இரண்டாவதற்கு 5 என்றும் சொல்லும். சௌந்தர்யா, மௌனிகா, பௌசியா என்று நம் வகுப்புகளில் இந்தக் குறி வரும் பெயர்களுக்குக் குறைவில்லை. உதவித்தொகைப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் பொருந்தாமல் விடுபடுவதற்கு இந்த ஒரு எழுத்து போதும். பெயரை நம்பிப் பொருத்தாமல் பதிவெண்ணை நம்பிப் பொருத்துவதே நல்லது.

லென் சொல்லும் எண்ணிக்கை சிலருக்குக் குழப்பமாக இருக்கலாம். கணினி எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் யூனிகோட் முறையில் "மி" என்பது "ம" என்ற எழுத்தும் இகரக் குறியுமாக இரண்டாக எண்ணப்படும், மெய்யின் புள்ளியும் தனியாக எண்ணப்படும். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, லென்னுக்கு ஐந்து. இதனால்தான் முருகன் என்ற பெயருக்கு இனிஷியல் எடுக்க லெஃப்ட் போட்டு 1 என்று கொடுத்தால் "மு" வராமல் "ம" வருகிறது. 2 என்று கொடுத்தால் முருகனுக்குச் சரியாகும், மணிக்கு "மண" ஆகிவிடும். இனிஷியலுக்குத் தனி நெடுவரிசை வைத்துக் கையால் தட்டிவிடுங்கள்.

#என்/ஏ வந்தால் குறை இருக்கிறது என்றாவது தெரியும். விலுக்கப்பில் நான்காவது இடத்தை விட்டுவிட்டால் வருவது அதைவிடக் கெட்டது. ஏறக்குறையப் பொருந்துவதை எடுத்துக்கொள் என்று அது புரிந்துகொள்ளும். பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் ஏதோ ஒரு பொருளின் விலையைக் கொண்டுவந்து வைக்கும். பிழைச் செய்தி கிடையாது, விலையும் நம்பும்படியாக இருக்கும். கடைசியில் ஃபால்ஸ் அல்லது 0 போடுங்கள். மதிப்பெண்ணுக்கு கிரேடு போடுவது மாதிரி, இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்ற கணக்குக்கு மட்டும்தான் அதை விடலாம்.

தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன

ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் அரைப்புள்ளி விசைதான் மெய்யின் புள்ளி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ்த் தோற்றம் எழுத்துருவின் வேலை. பாமினியை நிறுவினால் படிக்க முடியும், ஆனால் அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்தின் வரிசையில்தான் போகும். பிரவுசரில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் பழைய ஃபைல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் அது வேறு கோளாறு. ஃபைல் சரியாகவே இருக்கிறது, திறந்த விதம்தான் தப்பு. சிஎஸ்வி ஃபைலை, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலை, டபுள் கிளிக் செய்யாதீர்கள். காலியான ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய், ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். கால்க் திறக்கும்போதே இதைக் கேட்டுவிடும். உடைந்த எழுத்தோடு மட்டும் சேவ் செய்துவிடாதீர்கள்.

பட்டியலின் வால் காணவில்லை

ஃபைல் பெயர் எக்ஸ்எல்எஸ் என்று முடிகிறதா, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று முடிகிறதா? பழைய வகையில் 65,536 வரிசைதான். எக்ஸெல் 2007-லிருந்து வந்த வகையில் 10,48,576. பெரிய பட்டியலைப் பழைய வகையில் கொட்டினால் மிச்சம் விழுந்துவிடும். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் இதுதான் நடந்தது. 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நாளில் கணக்கில் ஏறவில்லை, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. இறக்கியதும் மூலத்தில் எத்தனை வரிசை, ஷீட்டில் எத்தனை வரிசை என்று ஒப்பிடுங்கள்.

அகரவரிசைப்படுத்திய பிறகு ஒருவர் சம்பளம் இன்னொருவர் பெயரில்

இருப்பதிலேயே எனக்குப் பயமானது இது. ஓர் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு மாணவி 60 பேர் சம்பளப் பட்டியலை அழகாகச் செய்து கொண்டுவந்தாள். மொத்தம் பைசா சுத்தமாக ஒத்துப்போனது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. காவலாளிக்கு மேலாளரின் அடிப்படைச் சம்பளம் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் கவனித்தாள்.

ஆள் மாறினாலும் மொத்தம் மாறாது. அதனால் மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது. பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் எக்ஸெல் எச்சரிக்கும், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கவா என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று கொடுத்தால் போச்சு. அவள் ஷீட்டில் எச்சரிக்கையே வரவில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று துறைக்கும் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு காலி நெடுவரிசை விட்டிருந்தாள். அந்தக் காலி இடத்தோடு பட்டியல் முடிந்துவிட்டது என்று எக்ஸெல் எடுத்துக்கொண்டது. இடப்பக்கம் மட்டும் வரிசை மாறியது, சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது.

ஃபைலை மூடவில்லை என்றால் கண்ட்ரோல் இசட். சேவ் செய்திருந்தாலும் மூடாதவரை அது வேலை செய்யும். மூடிவிட்டிருந்தால், வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவள் முதல் நெடுவரிசையில் 1 முதல் 60 வரை கையால் தட்டியிருந்தாள், அது பெயரோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. இடப்பக்கத்தை மட்டும் அந்த எண்ணை வைத்து ஏறுவரிசையில் திருப்பினோம். பெயர்கள் பழைய இடத்துக்கு வந்தன, சம்பளத்தோடு பொருந்தின. பெயர் மட்டும் தனியாக நகர்ந்து, வரிசை எண் நின்றுவிட்டிருந்தால் இப்படிச் செய்ய முடியாது. பழைய பிரதியையோ கையெழுத்துப் பதிவேட்டையோ தேடித்தான் போக வேண்டும். வரிசை எண்ணை ரோ ஃபார்முலாவால் போட்டிருந்தாலும் பயனில்லை, அது எங்கே போனாலும் 1, 2, 3 என்றே காட்டும்.

பொருந்தியதும் காலி நெடுவரிசையை நீக்கினோம். பிறகு பட்டியலுக்குள் ஒரே ஒரு செல்லைக் கிளிக் செய்து கண்ட்ரோல் ஏ அழுத்தச் சொன்னேன். கடைசி நெடுவரிசை வரை நிறம் மாறியது. அதைப் பார்த்த பிறகுதான் மறுபடி சார்ட் கொடுத்தாள். முதலில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று மூன்று பேரின் சம்பளத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு டிக் அடித்தாள்.